நூலகத்துக்கு வரும் உடல்நலக் கேள்விகள்: இணையத்தில் தேடித் தருவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“டாக்டர் என்னமோ சொன்னார், சரியா மனசில நிக்கல. இந்தச் சீட்டுல எழுதியிருக்கார். கொஞ்சம் இன்டர்நெட்டுல பாத்துச் சொல்ல முடியுமா?”

நூலக மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கையில் நான்காக மடித்த சீட்டு இருக்கும். பின்னால் நிற்பவர் காதில் விழுந்துவிடுமோ என்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். பெரும்பாலும் அவரிடம் கைப்பேசி இருக்கும், வீட்டிலேயே தேடியும் பார்த்திருப்பார். தேடியதால்தான் வந்திருக்கிறார். பத்துப் பக்கம் வந்திருக்கும், பத்தும் பத்து விதமாகச் சொல்லியிருக்கும், அதில் மூன்று அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கும்.

நூலகம் எதையும் விற்பதில்லை. உள்ளே வர முன்பதிவு வேண்டாம், எதற்காக வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. உடல்நலத் தகவல் தர இதைவிடப் பொருத்தமான பொது இடம் எனக்குத் தெரியாது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. கவலையோடு வருபவரின் ஒரு மணி நேரம் சாதாரண ஒரு மணி நேரத்தைப் போன்றதல்ல. அந்தக் கவலைக்கும் நம்பத்தக்க ஒரு பக்கத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைப்பதுதான் இந்தச் சேவை. அதை எப்படித் தொடங்கி நடத்துவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எல்லையை எழுதி வையுங்கள்

கணினி வாங்குவதற்கு முன்னால், இணைப்புகளைத் திரட்டுவதற்கு முன்னால், ஒரு பக்கத்தில் இதை எழுதுங்கள்: நாம் என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம்.

செய்வது: தேடித் தருவது, அச்செடுத்துக் கொடுப்பது, படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டுவது, புரியாத மருத்துவச் சொல்லுக்கு மருத்துவ அகராதியில் பொருள் எடுத்துக் காட்டுவது, ஒரு பக்கம் நம்பத்தக்கதா என்று சோதிக்கக் கற்றுத் தருவது.

செய்யாதது: இது இன்ன நோய் என்று சொல்வது, மாத்திரையைத் தொடரலாமா நிறுத்தலாமா என்பதற்குப் பதில் சொல்வது, ரத்தப் பரிசோதனை எண் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பளிப்பது, இந்த டாக்டரிடம் போங்கள் என்று கை காட்டுவது.

எழுதுவது சுலபம். ஒருவர் கண் கலங்க, “நீங்களே சொல்லுங்க, நான் இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்கும்போது கடைப்பிடிப்பதுதான் கடினம். அதனால் ஊழியர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைப் பழகிக்கொள்வது நல்லது. நான் சொல்வது இது: “இந்தப் பக்கத்தில் இப்படிப் போட்டிருக்கிறது. உங்கள் உடம்புக்கு இது பொருந்துமா என்று உங்களைப் பார்த்த டாக்டரால்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்கலாம் என்று வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.” கடைசி வாக்கியம் முக்கியம். அதை விட்டுவிட்டால் மீதி வெறும் தட்டிக்கழிப்பாகிவிடும்.

இன்னொன்று. “எங்க மாமாவுக்கும் இதேதான் வந்தது, ஒண்ணும் ஆகல” என்று ஆறுதல் சொல்ல வாய் வரும். வேண்டாம். அன்பில் வரும் பேச்சுதான், ஆனால் நூலகர் வாயிலிருந்து வந்தால் அது தகவலாக எடுத்துக்கொள்ளப்படும். மாமாவின் நோயும் இவருடைய நோயும் பெயரளவில் மட்டும் ஒன்றாக இருக்கலாம்.

இந்த எல்லைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, ஒரு பக்கக் கை தூக்க வரவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் எதையும் தேடக் கூடாது. உடனே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும், ஆள் வரும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். அவசர எண்ணைப் பெரிய எழுத்தில் தொலைபேசி மேலேயே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் தெரிந்த எண்ணும் மறந்துபோகும்.

இரண்டாம் படி: இடமும் ரகசியமும்

பெரிய ஏற்பாடு வேண்டாம். மற்றவர் கண்ணில் படாதபடி திரை சுவரை நோக்கிய ஒரு கணினி, பக்கத்தில் இரண்டு நாற்காலி, ஹெட்போன், ஒரு பிரிண்டர். நாற்காலி கட்டாயம் இரண்டு வேண்டும். நின்றுகொண்டு கேட்பவர் அவசரமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். உட்கார்ந்தால்தான் உண்மையான கேள்வி வெளியே வரும்.

பிரிண்டர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு நான் ஒரு பெண்மணிக்குக் கர்ப்பப்பைக் கட்டி பற்றி நான்கு பக்கம் அச்சுக்குக் கொடுத்தேன். பிரிண்டர் கூடத்தின் மறுமுனையில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் தன் தாள் என்று நினைத்து எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பெண்மணிக்குத் தெரிந்தவர். தாளை நீட்டியபோது அவர் எதுவும் சொல்லவில்லை, பெண்மணியும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு என் மேசைப் பக்கம் வந்ததே இல்லை. அன்றைக்கு மாலையே பிரிண்டரை மேசைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன்.

ஒவ்வொருவர் எழுந்து போன பிறகும் தேடல் வரலாறு தானாக அழியும்படி உலாவியை அமைத்துவிடுங்கள், அல்லது தேடல் வரலாற்றைச் சேமிக்காத மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) மட்டுமே தேடுங்கள். நோயின் பெயரை உரக்கச் சொல்லாதீர்கள். “அந்தச் சீட்டில் இருக்கிறதே, அது” என்றால் போதும். தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ கேள்வி வந்தால், பதில் அனுப்பி முடித்ததும் அந்த உரையாடலை நீக்கிவிடுங்கள். ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு நோயின் பெயரும் ஒன்றாகச் சேர்ந்து எங்கேயும் தங்கக் கூடாது. கணவருக்காக மனைவி கேட்டாலும், மகனுக்காக அம்மா கேட்டாலும், அடுத்த நாள் அந்தக் கணவரோ மகனோ வந்தால், நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

மூன்றாம் படி: கேள்வியைக் கேட்டு வாங்குவது

இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன்.

முதலில் வரும் கேள்வி அநேகமாக உண்மையான கேள்வியாக இருக்காது. “சர்க்கரை பற்றி ஏதாவது இருக்கா?” என்பார் ஒருவர். சர்க்கரை நோய் என்றால் என்ன என்று அறிய வந்திருக்கலாம். காலில் புண் ஆறாமல் இருப்பதால் வந்திருக்கலாம். மகளுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியிருப்பதால் வந்திருக்கலாம். மூன்றுக்கும் தர வேண்டிய பக்கங்கள் வேறு வேறு. “டைப் ஒன்னா, டைப் டூவா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால் அவர் திகைத்துப்போவார். “ஏன் கேட்கிறீர்கள்?” என்று கேட்டால் சுருங்கிப்போவார்.

நல்ல பலன் தரும் கேள்விகள் சில:

“என்ன நடந்தது, இதைத் தேட வேண்டும் என்று எப்போது தோன்றியது?”

“இதுவரை என்ன படித்தீர்கள், என்ன சொன்னார்கள்?”

“எந்த இடத்தில் குழப்பமாக இருக்கிறது?”

“கிடைக்கிற தகவலை வைத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள்?”

இவற்றில் எதற்கும் ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. நான்காவது கேள்விதான் பெரும்பாலும் கதவைத் திறக்கும். “வர்ற வாரம் ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேக்கறாங்க” என்று அப்போதுதான் சொல்வார். அவருக்கு வேண்டியது நோய் விளக்கம் அல்ல. அந்த அறுவைச் சிகிச்சையில் என்ன நடக்கும், வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பவைதான் வேண்டும்.

அவர் “எனக்கு” என்று சொல்லாதவரை “உங்களுக்கா?” என்று கேட்க வேண்டாம். பிறருக்காகக் கேட்பதுபோல் தனக்காகக் கேட்பவர்கள் நிறைய. வயது மட்டும் தெரிந்தால் உதவும். “பெரியவர்களுக்கா, குழந்தைக்கா?” என்று கேட்டால் போதும்.

மருந்துப் பெயர் வந்தால் இன்னும் கவனம். ஒரு பெரியவர் சீட்டைக் காட்டி, “ஹைட்ரா...ன்னு ஆரம்பிக்குது, மிச்சம் படிக்க முடியல” என்றார். தேடுபொறியில் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் அதுவே மீதியை நிரப்பியது: ஹைட்ராக்சிசின். அரிப்புக்கும் பதற்றத்துக்கும் தருகிற மருந்து. அவருக்கு அரிப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. “அட்டையைக் கொண்டுவர முடியுமா?” என்று கேட்டேன். மறுநாள் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அட்டையில் இருந்தது ஹைட்ராலசின், ரத்த அழுத்தத்துக்கான மருந்து. இரண்டு பெயர்களுக்கும் நடுவில் சில எழுத்துகள்தான் வித்தியாசம். முதல் நாள் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்திருந்தால் அவர் அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருப்பார்.

அன்றிலிருந்து மருந்து என்றால் அட்டையோ பெட்டியோ கையில் இருந்தால்தான் தேடுவது என்று வைத்திருக்கிறேன். பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதோடு அட்டையில் இருக்கும் பொதுப் பெயரை (ஜெனரிக் பெயர்) தேட வேண்டும், ஏனென்றால் ஒரே வணிகப் பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு மருந்துகள் விற்கப்படுவது உண்டு.

மக்கள் சொல்லும் பெயரும் பக்கங்களில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் ரத்தக் கொதிப்பு என்பார், பிரஷர் என்பார். பக்கத்தில் உயர் ரத்த அழுத்தம் என்று இருக்கும். சர்க்கரை வியாதி அங்கே நீரிழிவு. இப்படி எதிரெதிரே எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் மேசையில் இருக்கட்டும். புதிதாக ஒரு பேச்சு வழக்கு காதில் விழும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே போங்கள். அவர் சொன்ன சொல்லைத் திருத்த வேண்டாம். “நீங்கள் சொல்கிற பிரஷர்தான், இங்கே இந்தப் பெயரில் போட்டிருக்கிறார்கள்” என்றால் இரண்டு சொல்லும் அவருக்குச் சொந்தமாகிவிடும்.

நான்காம் படி: எங்கே தேடுவது

பொதுத் தேடுபொறியில் தொடங்காதீர்கள். ஐந்தாறு தளங்களை நன்றாகப் பழகிக்கொண்டு அங்கிருந்தே தொடங்குங்கள்.

நான் முதலில் போவது மெட்லைன்பிளஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998-இல் தொடங்கியது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எழுதப்பட்டது, விளம்பரம் கிடையாது. நோய், மருந்து, ஆய்வகப் பரிசோதனை மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. முக்கியமாக ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருந்தாலும், வேறு பல மொழிகளில் உள்ள தகவல் தாள்களை ஒரு பகுதியில் திரட்டி வைத்திருக்கிறார்கள். பரிசோதனைச் சீட்டோடு வருபவருக்கு ஆய்வகப் பரிசோதனைப் பகுதி பெரிய உதவி. எதற்காக இந்தப் பரிசோதனை, எப்படி எடுப்பார்கள், முடிவு எதைக் குறிக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையில் சொல்லும்.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். தளம் எளிய நடைக்குப் பெயர் பெற்றது. பக்கத்தின் அடியில் எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது சரிபார்ப்பார்கள் என்று இரண்டு தேதி போட்டிருக்கும். நோய்த்தொற்றுகள், தடுப்பூசி, உலகளவில் பரவும் நோய்கள் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் தகவல் தாள்கள். ஒரு சிகிச்சை உண்மையிலேயே பலன் தருமா என்ற கேள்விக்கு 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் எளிய மொழிச் சுருக்கங்கள். ஒரு சிகிச்சை பற்றிய பல ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டு எழுதப்படுபவை அவை. தமிழ் உட்படப் பல மொழிகளில் மொழிபெயர்ப்பும் உண்டு. இவற்றோடு உங்கள் நாட்டு சுகாதாரத் துறையின் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டவணை, அரசு உதவித் திட்டங்கள் போன்றவை நாட்டுக்கு நாடு மாறும்.

பப்மெட் பற்றி ஒரு எச்சரிக்கை. 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் அருமையான களஞ்சியம் அது. ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கானது, பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே கிடைக்கும். எலிகளில் நடந்த சோதனையின் சுருக்கத்தை ஒருவர் தன் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு போய்விடலாம். யாராவது கேட்டால் மறுக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். ஆய்வு நடந்தது மனிதர்களிலா, எத்தனை பேரில் என்ற இரண்டையும் சேர்ந்து தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

ஐந்தாம் படி: பக்கத்தைச் சோதிப்பது

மேலே சொன்ன தளங்களில் கிடைக்காதபோது, அல்லது வந்தவரே ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி “இது உண்மையா?” என்று கேட்கும்போது இந்தப் படி தேவைப்படும்.

முதலில் பணத்தைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தை நடத்த யார் காசு கொடுக்கிறார்கள்? நோயை விளக்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு பொடியையோ மாத்திரையையோ கூடையில் போடச் சொன்னால், அங்கேயே மூடிவிடலாம். முகவரி டாட் ஆர்க் என்று முடிந்தால் தொண்டு நிறுவனம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

முத்திரையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஹான்கோட் என்ற சின்னத்தை ஜெனீவாவில் இருந்த ஒரு அறக்கட்டளை பல வருடங்கள் நம்பகமான உடல்நலத் தளங்களுக்கு வழங்கி வந்தது. 2022 இறுதியில் அந்தப் பணி நின்றுபோயிற்று. பழைய பக்கத்தில் அந்தச் சின்னம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்று அதற்குப் பொருள் இல்லை. பழைய நூலகக் கையேடுகளில் ‘இந்தச் சின்னம் இருக்கிறதா பாருங்கள்’ என்று இருக்கும், அடித்துவிடுங்கள்.

அடுத்து தேதி. தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வேர்க்கடலை நல்ல உதாரணம். ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-இல் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது. 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, சீக்கிரமே கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. 2017-இல் வழிகாட்டுதலே தலைகீழாக மாறி, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு 4 முதல் 6 மாதத்திலேயே, மருத்துவர் மேற்பார்வையில், தொடங்கலாம் என்றானது. 2003-இல் எழுதிய பக்கம் இன்றும் இணையத்தில் அப்படியே இருக்கலாம். எழுதியவர் நல்ல மருத்துவராகவே இருந்திருப்பார். அந்தப் பக்கத்தில் பொய்யும் இல்லை, காலம்தான் கடந்துவிட்டது.

திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளும் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் அதை மேற்கோள் காட்டும் செய்திகள் கைப்பேசிகளில் இன்னும் வருகின்றன. கோபப்படாமல் இந்த இரண்டு வருடங்களை மட்டும் எழுதிக் காட்டுங்கள். வாக்குவாதத்தைவிட அது பலன் தரும்.

பிறகு எண்கள். ‘ஆபத்தை 50 சதவீதம் குறைக்கிறது’ என்று ஒரு பக்கம் சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று தேடுங்கள். ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வருவது ஒருவராகக் குறைந்தாலும் 50 சதவீதம்தான், இருநூறு பேருக்கு வருவது நூறாகக் குறைந்தாலும் 50 சதவீதம்தான். இதை விளக்க நான் காகிதத்தில் புள்ளிகள் வைத்துக் காட்டுவேன். சதவீதம் புரியாதவருக்கும் புள்ளி புரிகிறது.

சிகிச்சைகளை ஒப்பிடும் பக்கத்தை ஆழமாகச் சோதிக்க வேண்டுமென்றால், பிரிட்டனில் உருவான டிஸ்செர்ன் என்ற 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மேசையில் ஆள் காத்திருக்கும்போது இது ஒத்துவராது. உங்கள் நூலகத் தளத்தில் எந்த இணைப்பைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது பயன்படுத்துங்கள். அதில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று: சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பக்கம் சொல்கிறதா? இதைச் சொல்லாத பக்கங்கள் ஏராளம்.

ஆறாம் படி: புரியும்படி கொடுப்பது

நல்ல பக்கம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒருவர் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 118 என்ற சீட்டோடு வந்தார். வீட்டில் தேடியபோது ஒரு பக்கம் ‘7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு’ என்று சொல்லியிருக்கிறது. ஏழு எங்கே, நூற்றுப் பதினெட்டு எங்கே! இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார். விஷயம் அலகு. அவர் சீட்டில் இருந்தது மில்லிகிராம்/டெசிலிட்டர். அந்தப் பக்கத்தில் இருந்தது மில்லிமோல்/லிட்டர். இரண்டாவதை 18-ஆல் பெருக்கினால் முதலாவது வரும்: 7 என்பது 126. அலகு மாற்றத்தை விளக்கும் பக்கத்தைத் திறந்து, கணக்கை அவர் கையாலேயே போடச் சொன்னேன். 118 என்பது அவரைப் பொறுத்தவரை என்ன என்று நான் சொல்லவில்லை, அது டாக்டர் வேலை. ஆனால் கணக்கை நூலகர் சொல்லலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே பரிசோதனை எண் என்றால், எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பில் இன்னொரு பொறி. பரிசோதனை முடிவு நெகட்டிவ் என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள், அநேகமாக நல்ல செய்தி. இயந்திரம் அதை ‘எதிர்மறை’ என்று போடும். புற்றுநோய்ப் பரிசோதனை முடிவு எதிர்மறை என்று படித்தவர் என்ன நினைப்பார்? மொழிபெயர்த்த பக்கத்தைக் கொடுப்பதானால் மூலத்தையும் பக்கத்தில் வைத்து, எண்கள், வேளைகள், இல்லை என்ற சொல் வரும் இடங்கள் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். நேரமில்லை என்றால் மொழிபெயர்ப்பைக் கொடுக்க வேண்டாம், வாசித்துச் சொல்லுங்கள்.

இருபது பக்கம் அச்செடுத்துக் கொடுப்பது உதவி அல்ல, சுமை. இரண்டு பக்கம் போதும். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுங்கள். தளத்தின் பெயரும் தேதியும் தாளில் இருக்கட்டும். பின்பக்கத்தை வெறுமையாக விட்டு, டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை அவரையே எழுதச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், பரிசோதனை அறையில் அதற்குத்தான் நேரம் இருக்கும்.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, “வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். செவிலியர்கள் கையாளும் முறைதான் இது, நூலகத்திலும் நன்றாக வேலை செய்கிறது. அவர் தப்பாகச் சொன்னால், “நான் சரியாகக் காட்டவில்லை, இன்னொரு தரம் பார்ப்போம்” என்று தொடங்குங்கள்.

கடுமையான நோய் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பல பக்கங்கள் முதல் பத்தியிலேயே எத்தனை பேர் எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதிவிடும். திரையைத் திருப்புவதற்கு முன் கேளுங்கள்: “இதில் எல்லா விவரமும் இருக்கிறது. எல்லாவற்றையும் இப்போதே பார்க்க வேண்டுமா, சிகிச்சை பற்றி மட்டும் பார்ப்போமா?” எவ்வளவு தெரிந்துகொள்வது என்பது அவருடைய முடிவு. எல்லாம் வேண்டும் என்றால் மறைக்காமல் காட்டுங்கள். அந்த எண்கள் பல பேரைச் சேர்த்துக் கணக்கிட்டவை, ஒரு தனி மனிதருக்கு இத்தனை நாள் என்று சொல்பவை அல்ல என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: நூலகத்தின் சொந்த இணையப் பக்கம்

நூலகம் மூடியிருக்கும் இரவு நேரத்தில்தான் பலருக்குக் கவலை வரும். அவர்களுக்காக ஒரு பக்கம் போடுங்கள். இருபது இணைப்புக்கு மேல் வேண்டாம். மருத்துவத் துறை வாரியாகப் பிரிக்காதீர்கள், மக்கள் கேட்கிறபடி பிரியுங்கள்: ‘என் மருந்து பற்றி’, ‘பரிசோதனைச் சீட்டைப் புரிந்துகொள்ள’, ‘ஆபரேஷனுக்கு முன்’, ‘வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள’, ‘மனசு சரியில்லை என்றால்’. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் ஒரே வரியில் அங்கே என்ன கிடைக்கும், எந்த மொழியில் என்று எழுதுங்கள். அவசர எண் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். கைப்பேசியில் திறந்து பாருங்கள், பெரும்பாலோர் அதில்தான் பார்க்கப்போகிறார்கள்.

நீங்களே தாள் எழுதினால் சிறிய வாக்கியங்களாக எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு இருக்கும் வாசிப்பு எளிமைச் சூத்திரங்கள் தமிழுக்குப் பொருந்தாது. எழுதியதை மருத்துவம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கி விழும் சொல்லை மாற்றுங்கள். அப்புறம் ஒரு செவிலியரோ மருந்தாளுநரோ பார்த்துச் சரிசொல்லாமல் வெளியிடாதீர்கள்.

எட்டாம் படி: கற்றுக் கொடுப்பது

ஒரு மணி நேர வகுப்பு, பத்துப் பேர். விரிவுரை வேண்டாம். ஒரே நோயைப் பற்றிய மூன்று பக்கங்களைக் கொடுங்கள்: ஒன்று பொதுச் சுகாதாரத் தளம், ஒன்று பொருள் விற்கும் தளம், ஒன்று பத்து வருடம் பழையது. எது எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அரை மணி நேரத்தில் பணத்தையும் தேதியையும் தேடும் கண் வந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் உடல்நலச் செய்தி அனுப்புகிறவரைத் தேடிக் கூப்பிடுங்கள். அவர் ஒருவர் கற்றுக்கொண்டால் ஒரு குடும்பமே கற்றுக்கொண்ட மாதிரி.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி இப்போது எல்லா வகுப்பிலும் கேட்கிறார்கள். பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதில்லை, சொன்னாலும் கேட்கப் போவதில்லை. புரியாத சொல்லை எளிதாக்கவும், டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒழுங்குபடுத்தவும் அது உதவும். ஆனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே சரளமான குரலில் சொல்லும். இல்லாத ஆய்வுக்கும் தலைப்பும் வருடமும் கொடுத்துவிடும். அது சொன்ன ஒவ்வொரு மருந்து அளவையும் நான்காம் படியில் சொன்ன தளம் ஒன்றில் சரிபார்க்கக் காட்டிக் கொடுங்கள். பெயர், பரிசோதனைச் சீட்டின் படம், அடையாள எண் எதையும் அதில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நூலகத்துக்கு வராதவர்களை எட்ட, அவர்களை ஏற்கெனவே பார்க்கிற சுகாதாரப் பணியாளர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு நேரம் இல்லை, நமக்கு இருக்கிறது. “இதை நூலகத்தில் கேட்டுப் படித்துவிட்டு வாருங்கள்” என்று அவர்கள் ஒருவரை அனுப்பத் தொடங்கினால் சேவை வேர்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: பதிவேடு

பெயர் இல்லாத ஒரு நோட்டு. மூன்று பத்தி: என்ன கேட்டார்கள், எங்கே கிடைத்தது, கிடைக்காதது எது. வயது, வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். ஊர் சிறியது என்றால், அரிதான நோயின் பெயரையும் எழுதாதீர்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாதம் ஒரு முறை உட்கார்ந்து மூன்றாவது பத்தியை மட்டும் படியுங்கள். அடுத்து எந்த இணைப்பைத் தேடுவது, எந்தத் தாளை எழுதுவது, எந்த வகுப்பை வைப்பது என்று அது சொல்லும். அதே நாளில் இணையப் பக்கத்தின் எல்லா இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள், செத்துப்போனதை நீக்குங்கள். அலமாரியில் இருக்கும் மருத்துவப் புத்தகங்களில் ஐந்து வருடம் தாண்டியவற்றை எடுத்துச் சோதியுங்கள். இந்த வேலைக்கு எனக்கு ஒரு முழுக் காலைப் பொழுது ஆகிறது. கதவு திறப்பதற்கு முன்னால் தொடங்கிவிடுவேன். திறந்த பிறகு, மடித்த சீட்டோடு யாராவது வந்துவிடுவார்கள்.